விக்டோரியா ஐலண்டில் ஒரு துணை ஒப்பந்தம்: நோக்கக் கடிதம் முதல் கடைசித் தவணை வரை

லாகோஸ் நகரின் விக்டோரியா ஐலண்ட் பகுதியில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் தண்ணீர்க் குழாய், கழிவுநீர், தீயணைப்பு, ஏர் கண்டிஷனிங் வேலைகளை 2022 அக்டோபரில் எங்கள் நிறுவனம் துணை ஒப்பந்தமாக எடுத்தது. வேலை முடிந்து கடைசித் தவணை வந்து சேர இரண்டரை ஆண்டுகள் ஆயின. திட்ட மேலாளராக அந்தக் காலம் முழுவதும் குழாய்களோடு கழித்த நேரத்தைவிடக் காகிதங்களோடு கழித்த நேரமே அதிகம். நைஜீரியாவில் சப் காண்ட்ராக்ட் எடுத்து வேலை செய்யும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பட்டறிந்தது அவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கைக்கு வந்தது ஒப்பந்தம் அன்று, வேலையைத் தரும் எண்ணத்தைத் தெரிவிக்கும் ஒரு பக்க நோக்கக் கடிதம் மட்டுமே. இரண்டாம் தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாள் குறித்தாகிவிட்டது என்றும், குழாய் செல்லும் இடங்களில் முன்கூட்டியே ஸ்லீவ் (குழாய் நுழைய வழிவிடும் உறை) வைக்காவிட்டால் பிறகு தளத்தைத் துளைக்க நேரும் என்றும் கட்டட வேலையை மொத்தமாக ஏற்றிருந்த முதன்மை ஒப்பந்ததாரர் அவசரப்படுத்தியதால், நாங்கள் அந்தக் கடிதத்தை நம்பி ஆட்களை இறக்கினோம். ஐந்து மாதங்கள் இப்படியே ஓடின. லாகோஸின் யாபா பகுதியில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் அம்மையாரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், இதில் விலை எங்கே இருக்கிறது?" என்பதுதான். விலையும் காலமும் வேலையின் எல்லையும் முடிவாகாத நோக்கக் கடிதம் பொதுவாக ஒப்பந்தமாகக் கருதப்படாது என்றும், அவர்கள் கேட்டுக்கொண்டு நாங்கள் செய்த வேலைக்கு நியாயமான கூலியை நீதிமன்றத்தில் கோரலாமே தவிர, நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் விலையைக் கோர முடியாது என்றும் அவர் விளக்கினார். நைஜீரியாவின் ஒப்பந்தச் சட்டம் ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் வழி வந்தது. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் அதன் விவரங்களை மெய்ப்பிக்கும் பாரம் பணம் கேட்பவர் தலையில்தான் விழும்.

அதே நாட்களில் பண மாற்ற நெருக்கடியும் வந்தது. 200, 500, 1000 நைரா நோட்டுகள் மாற்றப்பட்டு, 2023 பிப்ரவரியில் ஏ.டி.எம்.களின் முன்னே விடியற்காலையிலேயே கூட்டம் நின்றது. தினக்கூலி ஆட்களுக்கு ரொக்கம் தர எங்களால் முடியவில்லை. அவர்களில் பலருக்கு வங்கிக் கணக்கும் இல்லை. மார்ச் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பழைய நோட்டுகள் ஆண்டு இறுதி வரை செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகே நிலைமை மெல்லச் சீரானது. இந்தத் தாமதத்துக்குக் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்றால், எந்த விதியின் கீழ் கேட்பது? கையெழுத்தான ஒப்பந்தமே எங்களிடம் இல்லை.

மார்ச் நடுவில் ஒப்பந்த வரைவு வந்தது. அது இந்தியாவில் இருக்கும் எங்கள் தாய் நிறுவனத்தின் பெயரில் தயாரிக்கப்பட்டிருந்தது. விலை பேசும்போது அனுப்பிய மின்னஞ்சல்கள் அங்கிருந்து சென்றதே காரணம். வழக்கறிஞர் அதை முதல் பக்கத்திலேயே நிறுத்தினார். 2020-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 78-ஆம் பிரிவின்படி, நைஜீரியாவில் தொழில் நடத்த விரும்பும் வெளிநாட்டு நிறுவனம், சட்டம் விலக்களித்திருந்தாலன்றி, இங்கே தனி நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்களுக்கு இங்கே பதிவு பெற்ற நிறுவனம் ஏற்கெனவே இருந்ததால் பெயரை மாற்றுவது எளிதாக முடிந்தது. பதிவே இல்லாமல் தாய் நிறுவனத்தின் பெயரில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு பணத்துக்காக நீதிமன்றம் போயிருந்தால், எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வரைவு மொத்தம் ஐந்து பக்கம். அதில் எங்களை அதிகம் அலைக்கழித்தவை இரண்டு வாக்கியங்கள். முதன்மை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் அனைத்தும் துணை ஒப்பந்ததாரரையும் அப்படியே கட்டுப்படுத்தும் என்றது ஒன்று. இங்கே எல்லோரும் அதை 'பேக்-டு-பேக்' என்பார்கள். உரிமையாளரிடமிருந்து பணம் வந்த பிறகே துணை ஒப்பந்ததாரருக்குப் பணம் தரப்படும் என்றது மற்றொன்று. பிரிட்டனில் 1996-ஆம் ஆண்டின் சட்டம், உரிமையாளர் நொடித்துப்போன நிலையைத் தவிர, இத்தகைய விதியைச் செல்லாததாக்கிவிட்டது. கட்டுமானப் பணம் தாமதமானால் உடனடித் தீர்வு தரும் நடுவர் முறையையும் அது கட்டாயமாக்கியது. நைஜீரியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டால் அந்த நிபந்தனை நம்மைக் கட்டுப்படுத்தும். அரசு வேலைகளுக்கு 2007-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் சட்டம் இருக்கிறதே, பில் கொடுத்து 60 நாட்களுக்கு மேல் போனால் தாமதம் என்று அது சொல்கிறதே என்று நான் கேட்டேன். அந்தச் சட்டம் அரசு அலுவலகத்துக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் இடையே நிற்பது. அவருக்குக் கீழே இருக்கும் நம் வரை அதன் கை நீளாது. மேலும் இது தனியார் கட்டடம் என்றார் அம்மையார்.

முதன்மை ஒப்பந்தத்தைப் பார்க்காமல் 'பேக்-டு-பேக்' விதியில் கையெழுத்திடுவது படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதற்கு ஒப்பாகும். நாங்கள் பிரதி கேட்டோம். அது ரகசியம் என்றார்கள். விலைகளை மறைத்துவிட்டு நிபந்தனைகளை மட்டும் காட்டுங்கள் என்று மூன்று கடிதங்கள் எழுதினோம். துணை ஒப்பந்ததாரருக்கு அதைக் காட்டுவது உலகெங்கும் உள்ள நடைமுறை என்பதையும் சுட்டிக்காட்டினோம். கடைசியில் அவர்கள் அலுவலகக் கூட்ட அறையில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்து படிக்க அனுமதித்தார்கள். புகைப்படம் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஃபிடிக் என்னும் பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பு 1999-இல் வெளியிட்ட 'செந்நூல்' என்ற மாதிரி ஒப்பந்தத்தை அடிப்படையாகக் கொண்டது அது. கூடுதல் பணமோ காலமோ கோரும் ஒப்பந்ததாரர் 28 நாட்களுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி அதில் அப்படியே இருந்தது. எங்கள் வரைவில் அது 14 நாட்களாகக் குறைக்கப்பட்டிருந்தது. விலை ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டும் விதியை முற்றிலும் நீக்கியிருந்தார்கள். எங்கள் செம்புக் குழாயும் கம்ப்ரஸரும் கப்பலில் வர வேண்டியவை. எங்கள் விலையோ நைராவில் இருந்தது. அந்த ஒரு நாள் வாசிப்பு இல்லாவிட்டால் இந்தப் பள்ளம் எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

பேரம் ஒரு வாரம் நடந்தது. நாங்கள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. உரிமையாளர் பணம் தராவிட்டாலும் முடிந்த வேலைக்குச் சான்றளிக்கப்பட்ட தொகையை 90 நாட்களுக்குள் முதன்மை ஒப்பந்ததாரர் தந்தே ஆக வேண்டும் என்ற வரம்பை வாங்கினோம். இறக்குமதிப் பொருட்களுக்கு மட்டும், அரசு மாற்று விகிதம் 10 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் விலையை மறுபடி பேசலாம் என்ற வாசகத்தைச் சேர்த்தோம். 'பேசலாம்' என்ற சொல்லின் பலவீனம் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு மேல் அவர்கள் இறங்கி வரவில்லை. 14 நாள் கெடு மாறாமல் நின்றது. பிணக்கு எழுந்தால் முதலில் பேச்சுவார்த்தை, அடுத்து சமரசம், இறுதியில் லாகோஸில் நடுவர் தீர்ப்பு என்ற வரிசையையும் எழுதிக்கொண்டோம்.

கையெழுத்தோடு சேர்ந்து கவனிக்க வேண்டிய பிற சட்டக் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை தேசிய சமூகக் காப்பீட்டு நிதியத்துக்குச் செலுத்த வேண்டும். முதன்மை ஒப்பந்ததாரர் செலுத்துகிறார் என்பதால் நம் ஆட்களுக்கு அது பொருந்திவிடாது. 15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2014-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி நிறுவனம் 10 விழுக்காடும் ஊழியர் 8 விழுக்காடும் செலுத்த வேண்டும். நமது மேற்பார்வையாளர்கள் வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க அரசு நமது நிறுவனத்துக்குத் தந்த வெளிநாட்டவர் ஒதுக்கீட்டிலேயே இருக்க வேண்டும். முதன்மை ஒப்பந்ததாரரின் ஒதுக்கீட்டில் ஆளைக் கொண்டுவந்து நம் வேலையில் நிறுத்துவது குடியேற்றச் சட்டத்தை மீறுவதாகும், எவ்வளவு அவசரமானாலும் அதற்கு இணங்க வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். எங்கள் வேலை தொடங்குவதற்கு ஓராண்டுக்கு முன், 2021 நவம்பர் 1-ஆம் தேதி, எங்கள் சைட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத இக்கோயி ஜெரார்டு சாலையில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 21 மாடிக் கட்டடம் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் தொழிலாளர்கள். எங்கள் ஃபோர்மேன் ஒவ்வொரு முறை கான்கிரீட் போடும்போதும் அதைப் பற்றிப் பேசுவார். இரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தைக் காப்பீடின்றிக் கட்டக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த 2003-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 64-ஆம் பிரிவு கட்டாயப்படுத்தியது. முதன்மை ஒப்பந்ததாரரிடம் பாலிசி இருந்தது. அதை வாங்கிப் பார்த்தபோது, காப்பீடு செய்யப்பட்டவர் பட்டியலில் துணை ஒப்பந்ததாரர்கள் என்ற சொல்லே இல்லை. ஒரு பக்கப் பின்னிணைப்பின் மூலம் அது சேர்க்கப்பட்ட பிறகே நான் ஆட்களை நான்காம் மாடிக்கு அனுப்பினேன்.

2023 ஜூன் 14-ஆம் தேதி மத்திய வங்கி நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தைக்கு விட்டது. டாலருக்குச் சுமார் 460 நைராவாக இருந்த அரசு விகிதம் சில நாட்களிலேயே 750-ஐத் தாண்டியது. இறக்குமதிக்கு டாலர் பெறத் தேவையான எங்கள் ஃபார்ம் எம் படிவம் வங்கியில் பதிவாகியிருந்தும், வங்கி அதுவரை டாலரைத் தரவில்லை. செம்புக் குழாய் அபாபா துறைமுகத்தில் கிடந்தது. ஒன்பதாம் நாள் அறிவிப்புக் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி, நேரிலும் எடுத்துச் சென்றேன். வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தை வாங்கிக்கொண்டார். பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வைக்க மட்டும் தயங்கினார். "ஓகா (முதலாளி) இல்லை, நாளைக்கு வாருங்கள் சார்" என்றார். நான் நாற்காலியில் அமர்ந்து மாலை நான்கே கால் வரை காத்திருந்தேன். நீல மையில், ஓரம் சற்று மங்கலாக, 23 ஜூன் என்ற தேதியோடு விழுந்த அந்த முத்திரைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது; கெடு தவறியது என்ற வாதத்தை அவர்களால் எழுப்பவே முடியவில்லை.

ஆகஸ்டு முதல் பணம் நின்றது. உரிமையாளர் தரவில்லை என்றார்கள். உரிமையாளரிடமே நேரில் கேட்கலாம் என்றால், அவருக்கும் எங்களுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாதவர் மீது அதன் பேரில் வழக்கிட முடியாது என்ற விதி இங்கே உறுதியாகப் பின்பற்றப்படுகிறது. 90 நாட்கள் கழிந்ததும் கோப்போடு வழக்கறிஞரிடம் போனேன். அவர் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை வரிச் சான்று எங்கே?" என்று கேட்டார். நாங்கள் அதைச் செலுத்தவே இல்லை. அன்றைய முத்திரை வரிச் சட்டப்படி, வரி செலுத்தப்படாத ஒப்பந்தத்தை உரிமையியல் வழக்கில் சான்றாக ஏற்க மாட்டார்கள். கையெழுத்தானதும் உரிய கெடுவுக்குள் முடித்திருக்க வேண்டிய காரியம் அது. இரு தரப்பும் நிறுவனங்கள் என்பதால் மாநில வருவாய்த் துறைக்குப் போக வேண்டியதில்லை, மத்திய வருவாய்த் துறையில் அபராதத்தோடு கட்டினால் குறை தீரும் என்றார். கட்டினோம். சான்று கைக்கு வரும் வரை எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம்கூட அனுப்ப வேண்டாம் என்று அவர் தடுத்தது சரியான யோசனை.

2024 தொடக்கத்தில் வழக்குக்கு மாற்றான வழிகளில் பிணக்குகளைத் தீர்க்கும் லாகோஸ் மல்ட்டி-டோர் கோர்ட்ஹவுஸில் சமரசத்துக்கு விண்ணப்பித்தோம். 2002 முதல் இயங்கும் இந்த அமைப்பில் எட்டப்படும் உடன்பாட்டை அதற்கென உள்ள நீதிபதி ஒப்பமிட்டால், அது உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகராகச் செயல்படுத்தத்தக்கதாகிறது. மூன்று அமர்வுகள் நடந்தன. முதல் அமர்வில் மாற்று விகித நட்டத்தைப் பற்றியே பேச மறுத்தார்கள். இரண்டாவதில், சான்றளிக்கப்பட்ட தொகைக்கு 90 நாள் வரம்பு தெளிவாக எழுதப்பட்டிருப்பதைச் சமரசர் அவர்கள் முன்னே வரி வரியாகப் படித்தார்; அதன் பிறகு பேச்சின் தொனி மாறியது. நிலுவை முழுவதையும் மூன்று தவணைகளில் தருவதென்றும், விகித வேறுபாட்டில் பாதியை ஏற்பதென்றும் முடிவானது. 'பேசலாம்' என்பதற்குப் பதிலாக ஒரு கணக்கீட்டு முறையை எழுதி வாங்கியிருந்தால் மறு பாதியும் கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். எங்களுக்குத் தரும் பணத்திலிருந்து வரியை எந்த விகிதத்தில் பிடித்தம் செய்வது என்பதிலும் ஒரு தகராறு இருந்தது. கட்டட வேலைக்கு 2020 முதல் 2.5 விழுக்காடு என்றிருக்க, அவர்கள் பொருள் விநியோகமாகக் கருதி 5 பிடித்திருந்தார்கள். பிடித்த வரி எங்கள் வரிக் கணக்கில் வரவானதற்கான சான்றுகளை வாங்கிச் சேர்ப்பதற்கே மேலும் நான்கு மாதங்கள் ஆயின. 2025 முதல் புதிய விதிகளில் அந்த விகிதம் 2 விழுக்காடாகியிருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து முத்திரை வரியும் புதிய நைஜீரிய வரிச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே இப்போது கையெழுத்திடுபவர்கள் பழைய கோப்பைப் பார்த்துக் கணக்கிடாமல் புதிய சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

வேலையில் குறை வந்தால் ஈடுகட்ட எங்கள் பில்களிலிருந்து நிறுத்திவைத்த 5 விழுக்காட்டில் பாதி, கட்டடம் ஒப்படைக்கப்பட்டதும் வந்தது. மறு பாதி, பன்னிரண்டு மாதக் குறைதீர்ப்புக் காலம் முடிந்து, ஐந்தாம் மாடியில் ஒரு வால்வை மாற்றிக் கொடுத்து, அதற்கும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிய பிறகு, 2025 ஏப்ரலில் வங்கியில் ஏறியது. அடுத்த வேலைக்கான வரைவு இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் முதன்மை ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு நேற்று முதல் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும் வரை சைட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று ஃபோர்மேனிடமும் சொல்லிவிட்டேன்.