மார்த்தா வாஷிங்டனின் மூன்றில் ஒரு பங்கு

மார்த்தா வாஷிங்டனின் குடும்ப வரலாற்றைத் தேடுகிறவர்கள் முதலில் கடிதங்களைத்தான் தேடுவார்கள். கிடைப்பது சொற்பம். கணவர் ஜார்ஜ் வாஷிங்டனும் அவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மார்த்தாவே எரித்துவிட்டார். மிச்சம் இருப்பது சொத்துக் கணக்கு. அதைப் புரட்டினால் அவர் குடும்பம் மட்டுமல்ல, அந்தச் சொத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட மனிதர்களின் குடும்பங்களும் வெளியே வரும். இரண்டையும் சேர்த்து எழுதாத வம்சாவளி அரைகுறை என்பதே என் கருத்து.

1731 ஜூன் 2 அன்று, வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் உள்ள செஸ்ட்நட் குரோவ் பண்ணையில் மார்த்தா பிறந்தார். அப்பா ஜான் டான்ட்ரிட்ஜ் கவுண்டி நீதிமன்றத்தில் எழுத்தர். அம்மா பிரான்சிஸ் ஜோன்ஸின் தாத்தா ரோலண்ட் ஜோன்ஸ், வில்லியம்ஸ்பர்க் புரூட்டன் திருச்சபையின் முதல் பாதிரியார். தேதிகளைக் குறிக்கும்போது கவனம் வேண்டும். 1752-க்கு முன் வர்ஜீனியாவில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. நாட்காட்டியும் 11 நாள் பின்தங்கியிருந்தது. வாஷிங்டன் பிறந்த நாள் பழைய பதிவில் 1731 பிப்ரவரி 11, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. ஜனவரி முதல் மார்ச் 24 வரையான பதிவுகளை அப்படியே எடுத்து எழுதினால், திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாக வரும்.

நியூ கென்ட் கவுண்டியின் நீதிமன்றப் பதிவுகளைத் தேடிப் பயனில்லை. 1787-இல் எழுத்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்தவர் ஜான் பிரைஸ் போசி. மார்த்தாவின் மகன் ஜாக்கியின் சொத்தை நிர்வகித்தவரும் இவர்தான். தீ வைத்த குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். எஞ்சியவற்றில் பெரும்பகுதி 1865-இல் ரிச்மண்ட் எரிந்தபோது போனது. கைகொடுப்பவை செயின்ட் பீட்டர்ஸ் திருச்சபைப் பதிவேடும், மார்த்தாவின் முதல் கணவர் வழியான கஸ்டிஸ் குடும்பத்துக்கு வாஷிங்டன் தன்னிடம் வைத்திருந்த கணக்குப் பிரதிகளும்.

அந்தக் கணக்குகளுக்குக் காரணம் முதல் கணவரின் மரணம். 1750-இல் மார்த்தா டேனியல் பார்க் கஸ்டிஸை மணந்தார். நான்கு பிள்ளைகள், இருவர் சிறுவயதிலேயே இறந்தார்கள். எல்லார் பெயரிலும் 'பார்க்' ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல. டேனியலின் தாய்வழித் தாத்தா, ஆன்டிகுவாவில் 1710-இல் கொல்லப்பட்ட ஆளுநர் டேனியல் பார்க், தன் பெயரைத் தாங்குவோருக்கே சொத்து என்று உயிலில் எழுதியிருந்தார். பெயரைப் பார்த்தே சொத்து போன வழியைப் பிடித்துவிடலாம்.

1757 ஜூலையில் டேனியல் உயில் எழுதாமல் இறந்தார். ஏறத்தாழ 17,500 ஏக்கர் நிலம், 300-ஐ நெருங்கும் அடிமைகள். உயில் இல்லாததால் சட்டமே பங்கு பிரித்தது. நிலத்திலும் அடிமைகளிலும் விதவைக்கு மூன்றில் ஒன்று, அதுவும் ஆயுள் உரிமையாக மட்டும். பணம், தட்டுமுட்டுச் சாமான் போன்ற அசையும் சொத்திலும் மூன்றில் ஒன்று. ஆனால் இது முழு உரிமை. 1759 ஜனவரி 6 அன்று மறுமணம் ஆனதும் இந்த முழு உரிமைச் சொத்து வாஷிங்டனுடையது ஆனது. நிலமும் அடிமைகளும் அவர் அனுபவிக்கலாம். விற்க முடியாது, விடுவிக்கவும் முடியாது. மார்த்தாவுக்குப் பின் அவை கஸ்டிஸ் வாரிசுகளுக்கே. 1773-இல் மகள் பாட்சி இறந்தபோது அவள் பங்கில் பாதி தாய் வழியாக வாஷிங்டனுக்கு வந்தது. லண்டன் வணிகர்களிடம் அவருக்கு இருந்த கடனை அடைக்க அது உதவியது. 1781-இல் ஜாக்கியும் காய்ச்சலில் போனதும், வாரிசுரிமை அவருடைய நான்கு பிள்ளைகளிடம் போனது.

மறுமணத்தின்போது மார்த்தாவின் விதவைப் பங்காக வந்த அடிமைகள் 84 பேர். வர்ஜீனியாவின் 1662-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பெண்களின் பிள்ளைகளும் அதே பங்கில் சேர்ந்தார்கள். 1799-இல் தன் இருப்பிடமான மவுண்ட் வெர்னனில் வாஷிங்டன் எடுத்த பட்டியலில் மொத்தம் 317 பேர். அதில் விதவைப் பங்கு 153, அவருக்கே சொந்தமானவர்கள் 123. மற்றவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள். பண்ணைவாரியாகப் பெயர், வயது, கணவன் அல்லது மனைவி யார் என்ற குறிப்பு எல்லாம் அதில் உண்டு. படிக்கும்போது குழந்தைகளைத் தகப்பன் பெயருக்குக் கீழே சேர்க்காதீர்கள். தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குங்கள். குடும்பப்பெயர் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது.

ஒரு குடும்பத்தைப் பாருங்கள். 1759-இல் மார்த்தாவோடு வந்த சமையற்காரி டால். அவர் மகள் லூசியும் சமையற்காரி. லூசியின் கணவர் ஃபிராங்க் லீ, வீட்டின் பட்லர். வாஷிங்டன் 1768-இல் வாங்கியவர். வாஷிங்டனின் உயில் தன் ஆட்களுக்கு மார்த்தாவின் மரணத்துக்குப் பின் விடுதலை தந்தது. மார்த்தா அதை முன்கூட்டியே, 1801 ஜனவரி 1 அன்று, நிறைவேற்றினார். ஃபிராங்க் சுதந்திர மனிதர் ஆனார். லூசியும் பிள்ளைகள் மைக், ஃபில், பாட்டியும் விதவைப் பங்கு. அவர்களுக்கு விடுதலை இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களை 1757-இல் எழுதப்படாத ஓர் உயில் பிரித்துப் போட்டது.

விதவைப் பங்கைச் சேர்ந்த, மார்த்தாவின் பணிப்பெண்ணாக இருந்த ஓனா ஜட்ஜ் 1796 மே 21 அன்று பிலடெல்பியாவில் மார்த்தாவின் வீட்டைவிட்டுத் தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போனார். அங்கே மணமாகிப் பிள்ளைகள் பெற்றார். சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளைகளும் கஸ்டிஸ் சொத்துதான். 1848-இல் இறக்கும்வரை அவர் சட்டப்படி விடுவிக்கப்படவே இல்லை.

மார்த்தா 1802 மே 22 அன்று இறந்தார். அதற்குப் பின் தேட வேண்டியது மவுண்ட் வெர்னனில் அல்ல, நான்கு பேரப்பிள்ளைகளின் வீடுகளில். டியூடர் பிளேஸ் மார்த்தா பீட்டருடையது. உட்லான் எலினோர் லூயிஸுடையது. ஆர்லிங்டன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுடையது. எலிசபெத் லாவின் பங்கைத் தனியாகத் தேட வேண்டும். ஆர்லிங்டன் தடம் நீளமானது. 1857-இல் இறந்த கஸ்டிஸ், ஐந்து ஆண்டுகளுக்குள் தன் ஆட்களை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதினார். நிறைவேற்ற வேண்டியவர் மருமகன் ராபர்ட் ஈ. லீ. அவர் கையெழுத்திட்ட 1862 டிசம்பர் 29 விடுதலைப் பத்திரத்தில் ஆட்களின் பெயர்கள் உள்ளன; 1799 பட்டியலோடு ஒப்பிடத் தொடங்க வேண்டிய இடம் அது.