ஃபார்மேஷனில் பறக்கப் பழகிய கதை

ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகப் பறந்து பழகிய பிறகுதான் ஃபார்மேஷன், அதாவது விமானங்கள் நெருக்கமாக அணிவகுத்துப் பறக்கும் பயிற்சிக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தவர் விமானப்படையில் ஜெட் ஓட்டியவர். முன்னால் வழிநடத்தும் லீட் யார், என்ன வேகம், கைச்சைகைகள் எவை, லீட் பார்வையிலிருந்து மறைந்தால் எந்தப் பக்கம் விலகுவது, எல்லாவற்றையும் தரையிலேயே பேசி முடித்துவிடுவார். பிரீஃபிங் சில நாள் பறந்த நேரத்தைவிட நீண்டுவிடும்.

மேலே போனதும் கருவிகளைப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. லீடை ஒட்டிப் பறக்கும் விங்மேனுக்கு அடிவானமும் உயரமானியும் லீட் விமானம்தான். அதன் உடலில் குறித்துக்கொடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே கோட்டில் தெரிந்தால் நம் இடம் சரி. விலகினால் முந்திவிட்டோம், இல்லை பின்தங்கிவிட்டோம்.

நெருக்கமாகப் பறப்பது எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. தூரத்திலிருந்து லீடோடு போய்ச் சேர்வதுதான் கடினம். தூரத்தில் லீட் அசையாமல் தொங்குவது போலிருக்கும்; கடைசி நொடிகளில் திடீரென்று பெரிதாகிவிடும். வேகம் மிஞ்சினால் அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்காமல், லீடைக் கண்ணிலிருந்து விடாமல், அதற்குக் கீழே பின்புறமாகக் கடந்து வெளிப்பக்கம் போய்விட வேண்டும். பயந்து, நம் விமானத்தின் அடிவயிற்றை லீடுக்குக் காட்டித் திரும்பினால் அது எங்கே என்றே தெரியாது. ஆபத்து அங்கேதான்.

எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில் கை ஓயவே ஓயாது. எங்கள் விமானத்தில் பவரைக் குறைத்ததும் புரொப்பெல்லரே பிரேக் போடும். ஜெட்டில் அது கிடையாது, எஞ்சினும் கொஞ்சம் தாமதித்தே பதில் சொல்லும். அதனால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும், தேவைப்பட்டால் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்கைத் திறக்க வேண்டும் என்றார் ஆசிரியர். அப்புறம், உடம்பு இறுகினால் ஷூவுக்குள் கால்விரலை ஆட்டச் சொல்வார். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஸ்டிக்கைப் பிடித்த கை உடனே தளர்ந்தது!

கடைசியில் லீடாகப் பறக்க வைத்தார். அதற்குமுன் 1982-இல் அமெரிக்க விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் பயிற்சியில் நடந்ததைச் சொன்னார். லீட் விமானம் லூப்பிலிருந்து, அதாவது செங்குத்தாகப் போடும் வட்டத்திலிருந்து, மீளாமல் தரையில் மோத, அதையே பார்த்துப் பறந்த மற்ற மூன்று டி-38 ஜெட் விமானங்களும் கூடவே மோதின. நான்கு விமானிகளும் இறந்தார்கள். அதன் பிறகு முழுப் பவர் கொடுக்கவே எனக்குக் கை வரவில்லை. அதுதான் சரியும்கூட: லீட் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் பின்தங்கிய விங்மேன் எட்டிப் பிடிக்க முடியும்.