எத்தனையாம் பிள்ளை?

2025 ஓகஸ்ட் 9, கோண்டாவில்

வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக அம்மாவின் அலுமாரியை இன்று விறாந்தைக்கு நகர்த்தியபோது, அதன் அடித்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்த பொலித்தீன் பையொன்று மகளின் கையில் அகப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, போரினால் இடம்பெயர்ந்து வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அம்மா வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த பை அது. நாவற்குழிப் பாலத்தை நெருங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உடுப்பு நனைந்தது, அரிசி நனைந்தது, இந்தப் பை மட்டும் நனையவில்லை. உள்ளே காணி உறுதியும், எங்கள் மூவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களும், அவற்றுக்குக் கீழே என்னுடைய தேர்ச்சி அறிக்கைகளும் இருந்தன. உறுதிக்குச் சமமாக அவற்றையும் காப்பாற்ற வேண்டுமென்று அம்மா எண்ணியிருக்கிறார் என்பது, அவர் காலமாகி இரண்டு வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

மகள் தரம் 9 இல் படிக்கிறாள். நாங்கள் படித்த காலத்தில் அதை ஆண்டு 9 என்போம். அறிக்கைகளை நிலத்தில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டாள். வெளியூரார் இப்படிக் கேட்டால் வீட்டில் மூத்தவரா இளையவரா என்று பொருள். யாழ்ப்பாணத்தில் தவணை முடிந்த கையோடு கேட்டால் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதுதான் பொருள். கோயில் வீதியிலும் சங்கக்கடை வரிசையிலும் செத்தவீட்டிலுங்கூட இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவன் நான். பதில் பெரும்பாலும் ஒன்றே: இரண்டாம் பிள்ளை. ஆண்டு 8 இல் ஒரு தவணை மூன்று. மற்றைய கட்டங்களிலெல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு.

"இஞ்சை பாருங்கோ, ஒருக்கா முதலாம் பிள்ளையா வந்திருக்கிறியள்!" என்று கூவினாள். ஆண்டு 11, இரண்டாந் தவணை, 1994. கணிதம் 94. நடத்தை என்ற கட்டத்தில் வகுப்பாசிரியரின் அழகான கையெழுத்தில் "மிக நன்று" என்று இருந்தது. அவள் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். நான் எதுவும் சொல்லாமல் அலுமாரியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

2025 ஓகஸ்ட் 10

பள்ளிக்கூடத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று என் பிள்ளைகளுக்கு இதுவரை சொல்லி வந்த கதை இதுதான்: அமைதியானவன், குழப்படி இல்லாதவன், விளக்கு வெளிச்சத்தில் கஷ்டப்பட்டுப் படித்தவன். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த அமைதிக்குள் என்ன இருந்தது என்பதை நான் அவர்களுக்குச் சொன்னதில்லை.

1990 இல் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. அப்போது நான் ஆண்டு 7 இல் இருந்தேன். பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் கிடைப்பது அருமையாகவும் கிடைத்தால் யானை விலையாகவும் இருந்தபடியால், எங்கள் தலைமுறை முழுவதும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தது. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் திரியைச் செருகி, ஒரு கம்பியில் கட்டி உள்ளே இறக்கிவிட்டால், காற்றுக்கு அணையாமல் ஒரு சிறங்கை எண்ணெயில் இரவு முழுவதும் எரியும். வெளிச்சம் கொப்பியின் பாதிப் பக்கத்துக்கு மேல் போகாது. விடிந்ததும் மூக்குத் துவாரம் இரண்டும் கரியாக இருக்கும்.

அந்தக் கரிதான் வகுப்பில் எங்களைக் காட்டிக்கொடுப்பது. யாருடைய மூக்கு எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்தே இரவு எவ்வளவு நேரம் படித்தான் என்று சொல்லிவிடலாம். நான் ஒவ்வொரு நாட் காலையிலும் கிணற்றடியில் நின்று, சாரத்தின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, சுட்டுவிரலில் சுற்றி, மூக்கின் உள்ளே திருகித் திருகித் துடைத்துக்கொண்டுதான் பாடசாலைக்குப் போவேன். சவர்க்காரமே கிடைக்காமல், சீருடையைப் பனங்காய்க் களியில் தோய்த்த காலத்தில், என் மூக்குத்தான் வகுப்பிலேயே சுத்தமாக இருந்திருக்கும். பரீட்சை மண்டப வாசலில் நின்று, "ஒண்டும் படிக்கேல்லையடா, எட்டு மணிக்கே படுத்திட்டன்" என்று சொல்வேன். எல்லாரும் சொல்கின்ற பொய்தான் அது; ஆனால் அதற்குத் தடயம் அழிக்கின்ற அளவுக்கு வேறு எவனும் போனதாக எனக்குத் தெரியவில்லை.

கொப்பி இரவல் கேட்டால், வீட்டில் இருக்கிறது என்பேன். எழுதும்போது இடது கையை வளைத்து வேலி போட்டுக்கொள்வேன். தாள் தட்டுப்பாட்டினால் ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதப் பழகினேன் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், எழுத்து அவ்வளவு சிறிதாக இருந்தால் பக்கத்து வாங்கிலிருந்து பார்ப்பவனுக்கு விளங்காது என்ற வசதியும் எனக்குப் பிடித்திருந்தது. விளையாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடுபாதைக்குச் சுண்ணாம்புத் தூள் போடுவதோடு என் பங்கு முடிந்தது.

2025 ஓகஸ்ட் 13

முதலாம் பிள்ளையைப் பற்றி எழுதாமல் இது நிறைவடையாது. ஆண்டு 6 தொடக்கம் அவன் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தான். கரி மூக்கோடு வருவான். யாராவது கேலி செய்தால், "விடியப்புறம் ரண்டு மணி மட்டும் படிச்சனான்" என்று மறைக்காமல் சொல்வான். கேத்திரகணித நிறுவல் விளங்காதவர்களுக்கு இடைவேளையில் வேப்பமரத்தடி மணலில் ஈர்க்கினால் வட்டம் கீறிக் காட்டுவான். எனக்கும் காட்டியிருக்கிறான். தெரியாததுபோல் தலையாட்டிக்கொண்டு, அவன் எந்த வழியில் செய்கிறான் என்பதைக் கவனித்துக்கொண்டு நின்றேன்.

1994 ஆம் ஆண்டு இரண்டாந் தவணைப் பரீட்சைக்கு முன், கணித ஆசிரியர் எங்கிருந்தோ ஒரு மாதிரி வினாத்தாளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். படியெடுக்கும் றோணியோ மெஷினில் அடிப்பதற்குத் தாளும் இல்லை, மையும் இல்லை. ஆகவே எங்களில் ஒன்பது பேரின் பெயரை ஒரு துண்டில் எழுதி, ஆளுக்கு ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தெழுதிவிட்டு மறுநாட் காலை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்தார். எட்டாவது பெயர் என்னுடையது, ஒன்பதாவது அவனுடையது. புதன்கிழமை மாலை வினாத்தாள் என் கைக்கு வந்தது. பரீட்சை திங்கட்கிழமை.

அன்றிரவே பார்த்தெழுதி முடித்துவிட்டேன். வியாழக்கிழமை அவன் கேட்டபோது, கொண்டுவர மறந்துவிட்டேன் என்றேன். வெள்ளிக்கிழமை மறக்க முடியாது என்பதால் காய்ச்சல் வந்தது. அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடில்லை என்று கட்டாயம் தெரிந்திருக்கும். ஆனாலும் மல்லி அவித்துத் தந்தார். அன்று மாலை படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. "தம்பிக்குக் காய்ச்சல் அப்பு, படுத்திருக்கிறான்" என்று அம்மா சொல்வதும், அவன் "பரவாயில்லை அன்ரி" என்று சொல்வதும் அறைக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டன. வினாத்தாள் நான் இருந்த பாய்க்குக் கீழே கிடந்தது.

திங்கட்கிழமை வந்த வினாக்களில் ஒன்று, வட்டத்துக்குக் கீறிய தொடலியும் நாணும் பற்றிய நிறுவல், அந்த மாதிரி வினாத்தாளில் இருந்ததேதான். எழுத்துகூட மாறாமல் ஏ, பி, சி என்றே புள்ளிகள் குறிக்கப்பட்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.

2025 ஓகஸ்ட் 14

நேற்று எழுதியதை மனைவி வாசித்துவிட்டு, "முப்பத்தொரு வருசத்துக்குப் பிறகு உதுக்கோ நித்திரை கொள்ளாமல் இருக்கிறியள்?" என்றாள். எனக்கு நித்திரை வராததற்குக் காரணம் வேறு. நல்லூர்த் திருவிழாவுக்காக அவன் குடும்பத்தோடு ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு என்று மனைவி ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டாள்.

2025 ஓகஸ்ட் 19

நல்லூரில் காலைத் திருவிழா பார்த்துவிட்டு, வேட்டியும் வெறும் மேலில் திருநீறுமாக, சால்வையை இடுப்பில் கட்டியபடியே வந்தான். திருவிழா நடக்கின்ற 25 நாளும் எங்கள் வீட்டில் மரக்கறிதான் என்பதால், மனைவி கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கைக்காயும் வாழைக்காய்ப் பொரியலும் செய்திருந்தாள். சாப்பிட்டபின் இருவரும் முற்றத்து மாமரத்தின் கீழே கதிரை போட்டு இருந்தோம். மகள் அந்தப் படத்தை அவனுக்குக் காட்டிவிட்டாள். "அப்பா உங்களை ஒருக்கா வெண்டிருக்கிறார் மாமா" என்றாள்.

அவள் உள்ளே போனதும் நான் சொல்லத் தொடங்கினேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் றோணியோ மெஷினிலிருந்து தொடங்கினேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"தெரியுமடா. படலையிலை நிண்டு பாக்கேக்குள்ளை உன்ரை அறை யன்னல் திறந்து கிடந்தது. காய்ச்சல்காரன் ஜாம் போத்தலுக்கு முன்னாலை குனிஞ்சிருந்து எழுதிக்கொண்டிருந்தவர்."

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா உன்ரை அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவன் அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு கனடாவில் வீட்டு விலை, தன் மூத்தவன் தமிழ் வகுப்புக்குப் போக மறுப்பது, நாங்கள் அன்று மணலில் வட்டம் கீறிய அந்த வேப்பமரம் இன்னும் நிற்கிறதா என்பது என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மரம் நிற்கவில்லை. அந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் இருக்கிறது.

அம்மாவுக்குத் தெரியாது என்று அவன் நம்புகிறான். சூடில்லாத நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மல்லி அவித்தவர் அவர் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. எதைத் தெரிந்துகொண்டு அதைச் செய்தார் என்பது எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

2025 ஓகஸ்ட் 23

திருவிழா முடிந்துவிட்டது. நேற்றிரவு பதினொன்றரைக்கு அவனிடமிருந்து வட்சப்பில் ஒரு செய்தி வந்திருந்தது. என் மகள் அனுப்பிய அறிக்கைப் படத்தைத் தன் மனைவிக்குக் காட்டியதாகவும், அதற்குப் பிறகு தனக்கும் ஒன்று நினைவுக்கு வந்ததாகவும் எழுதியிருந்தான். அவனுடைய தகப்பனார் வேறு ஒரு பாடசாலையில் உப அதிபராக இருந்தவர், மிகக் கண்டிப்பானவர். தேர்ச்சி அறிக்கை வருடத்துக்கு ஒன்று. தவணைக்கு ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"அந்தத் தவணை ரிப்போட்டை நான் வீட்டிலை காட்டவேயில்லை. அப்பாவின்ரை கையெழுத்தை நானே போட்டுக் குடுத்தனான். மூண்டு நாள் பழைய கொப்பியிலை எழுதிப் பழகினனான். டிசெம்பரிலை ஓ.எல். சோதினை வந்தபடியால் மூண்டாந் தவணைச் சோதினை நடக்கேல்லை, ரிப்போட் திரும்பக் கையெழுத்துக்கு வீட்டுக்கு வரேல்லை. அவர் சாகுமட்டும் நான் எப்பவும் முதலாம் பிள்ளை."

என்னுடைய அறிக்கையை எடுத்து மறுபடி பார்த்தேன். மூன்றாந் தவணைக் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இரண்டாந் தவணைக்கு நேரே, பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில், அம்மா தன் பெயரை முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக, கோட்டுக்கு மேலே ஏறாமல் எழுதியிருக்கிறார்.