வாகாவை விடுங்கள், அசல் உத்தர் போங்கள்

அமிர்தசரஸ் டாக்ஸிக்காரர்களிடம் வாகா எல்லைக்கு ஒரு ரேட் எப்போதும் ரெடி. 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பெரிய டாங்கிச் சண்டை நடந்த கிராமமான அசல் உத்தர் என்றால் இரண்டு மடங்கு கேட்கிறார்கள், வெயிட்டிங் தனி. அநியாயம். பிகிவிண்ட் வழியாக கேம்கரணுக்கு பஸ் இருக்கிறது. 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அசல் உத்தருக்குக் கேம்கரணுக்கு முன்னாலேயே இறங்க வேண்டும், கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். எல்லைப் பகுதி, ஆதார் கையில் இருக்கட்டும்.

அங்கே அந்தச் சண்டையில் உயிர்விட்ட இந்திய வீரர் அப்துல் ஹமீதின் சமாதியும், பாகிஸ்தான் ஓட்டிவந்த அமெரிக்க டாங்கியான பேட்டன் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் பார்க்க வேண்டியது சுற்றிலும் உள்ள நிலத்தை. மேடு பள்ளமே இல்லாத தரை. 1965 செப்டம்பரில் ஆளுயரக் கரும்பு நின்றது. இந்திய ராணுவத்தினர் கால்வாய்த் தண்ணீரை வயல்களில் திருப்பிவிட்டிருந்தார்கள். 40 டன்னுக்கு மேல் எடையுள்ள பேட்டன் சேற்றில் இறங்கினால் என்ன ஆகும்? இந்தியக் கணக்குப்படி இந்தச் சண்டையில் பாகிஸ்தான் இழந்தது 97 டாங்கிகள்.

ஹமீத் 4 கிரனேடியர்ஸ் என்ற காலாட்படைப் பிரிவில் குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார், அதாவது ஸ்டோர் பொறுப்பு. அவர் கையில் வந்தது ஜீப்பில் ஏற்றிய 106 எம்எம் ஆர்சிஎல், அதாவது பின்னுதைப்பில்லாத டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி. (பெயர்தான் 106, உண்மையான வாய் 105.) குழாய்க்கு மேல் ஒரு சின்னத் துப்பாக்கி, அதன் ஒளிரும் தோட்டா டாங்கியில் பட்டால் குறி சரி, உடனே பெரியது. பின்னுதைப்பு கிடையாது, ஏனென்றால் வெடிவாயு பின்பக்கம் பீறிட்டு வெளியேறிவிடும். வம்பும் அதுதான். தீயும் புழுதியும் எழும்பி இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். சுட்ட கையோடு ஜீப்பை நகர்த்தியாக வேண்டும். ஜீப்புக்குக் கவசமும் இல்லை.

செப்டம்பர் 10, காலை 8 மணி. சீமா கிராமத்துக்கு முன்னால் பாகிஸ்தானின் ஒரு ரெஜிமென்ட் பேட்டன் வந்தது, 9 மணிக்குள் இந்திய முன்வரிசைக்குள் புகுந்துவிட்டது. ஹமீத் நேருக்கு நேர் போகாமல் பக்கவாட்டில் ஜீப்பை நிறுத்தினார். பேட்டனின் கனமான கவசம் முகப்பில், விலாவில் மெலிசு. முன்னால் வந்த டாங்கி காலி. இடம் மாறினார், இரண்டாவதும் காலி. அதற்குள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்ததைச் சுட்டுக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து உயிர் போனது. அரசின் பாராட்டுரை சொல்வது இவ்வளவுதான். அங்கங்கே ஏழு, எட்டு டாங்கி என்று எழுதுகிறார்கள். முந்தைய நாட்களில் நடந்த மோதல்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உச்ச விருதான பரம்வீர் சக்கரம் ஆறே நாளில், செப்டம்பர் 16 அன்று அறிவிக்கப்பட்டது. 1966 குடியரசு தினத்தில் ஜனாதிபதி ராதாகிருஷ்ணனிடமிருந்து மனைவி ரசூலன் பீபி வாங்கிக்கொண்டார். ஊதா நாடாவில் தொங்கும், 35 மில்லிமீட்டர் கூடத் தேறாத வெண்கல வட்டு; அதில் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு.

சாப்பாட்டை பிகிவிண்டிலேயே முடித்துவிடுங்கள். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். தவறினால் மறுபடி அந்த இரண்டு மடங்கு டாக்ஸிதான்.