இல்லாத காளையை எழுதுவது

பார்வையற்றவர்களுக்காக அருங்காட்சியகச் சிற்பங்களைப் பற்றி ஒலிக்குறிப்பு எழுதுவது என் பிழைப்பில் ஒரு பகுதி. காதில் கருவியை மாட்டிக்கொண்டு சிலையின் முன் நிற்பவருக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் அது பிடிபட்டாக வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஆனால் எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இங்கே கற்றதுதான்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களின் முதல் பிரதியில் 'எழில் கொஞ்சும்', 'கம்பீரமான', 'கண்கொள்ளாக் காட்சி' எல்லாம் தவறாமல் இருக்கும். பார்வையற்றவரிடம் போய்க் கண்கொள்ளாக் காட்சி என்று சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும்! அவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். எழுதிய வாக்கியத்தைப் பக்கத்துச் சிலைக்குச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் பொருந்தினால் அடித்துவிடுங்கள். பெரும்பாலும் பிரதியில் ஆண்டும் ஊரும்தான் மிஞ்சும். அதன் பிறகே எழுதத் தொடங்குவோம்.

எங்கள் பிரதிகளை முதலில் கேட்பவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்களுக்கு அவர் டீச்சர். நான் அவருக்குத் தம்பி. "அழகான முகம் என்று நீங்களே சொல்லி முடித்துவிட்டால் எனக்கு என்ன தம்பி வேலை?" என்பார். பிறவியில் பார்வை இல்லாதவருக்கு நிறத்தைச் சொல்லிப் பயனில்லை என்று எங்களுக்கு இந்த வேலையைத் தரும் நிறுவனத்தில் ஒருவர் வாதிட்டபோது டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. நிறத்தை அவர் பார்த்ததில்லையே தவிர, ஊரெல்லாம் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர். தனக்கு மட்டும் அதை ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றிலிருந்து நிறமும் உண்டு.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் ரிஷபவாகனர். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த செப்புத் திருமேனி. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011-இல் செய்து வைக்கப்பட்டது. சிவன் ஒரு காலை மற்றதன் குறுக்கே மாற்றி வைத்து, உடலைச் சற்றே ஒடித்து நிற்கிறார். சடை தலைப்பாகை போலச் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு கை முழங்கையில் மடங்கி, காளையின் மேல் சாய்ந்தபடி இருக்கிறது. காளைதான் இல்லை.

பார்வையுள்ளவர்கள் அந்தச் சிலையின் முன் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். முதலில் முகம், பிறகு தலைப்பாகை. கண் தோளில் இறங்கி, முழங்கையைத் தாண்டி, வெறும் காற்றில் போய் நிற்கும். அங்கே ஒரு தயக்கம். அதன் பிறகுதான் விளக்கப் பலகையைத் தேடுவார்கள். இவர்களுக்கு வாய்க்கும் அந்தத் தயக்கம் காதால் கேட்பவருக்கும் வாய்க்க வேண்டும் என்பது என் கட்சி. நிறுவனமோ, "காளை காணாமல் போன ரிஷபவாகனர்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடச் சொன்னது. தகவல் என்று பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்பவரின் கைக்குத்தான் அதில் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே கேட்பவரையே நிற்கச் சொல்லி எழுதினேன். எடையை ஒரு காலுக்கு மாற்றுங்கள், மற்றதைக் குறுக்கே வையுங்கள், முழங்கையை மடக்கி முன்கையை இடுப்பு உயரத்தில் நீட்டுங்கள். டீச்சர் தன் வீட்டுக் கூடத்தில் அப்படியே நின்று பார்த்துவிட்டு, "இடுப்பு உயரத்தில் என்ன மாடு? கன்றுக்குட்டியா?" என்றார். சிறுவயதில் வீட்டில் மாடு வளர்த்தவர். காளைமேல் சாய்ந்தால் கை எங்கே வரும் என்று அவர் தன் கையை உயர்த்திக் காட்டினார். சிலையின் படத்தை எடுத்து ஒப்பிட்டேன். அவர் கை இருந்த இடமே சரி. பிரதியில் 'காளை' என்ற சொல் வருவதற்கு முன்பே அவருக்குத் திமில் தட்டுப்பட்டுவிட்டது.

செய்முறையையும் சேர்க்கலாமா என்ற பேச்சு வந்தது. சேர்த்தோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து பிசைந்து உருவம் பிடிப்பது, அதன்மேல் வண்டல் மண் பூசுவது, சூட்டில் மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது, பிறகு மண் கூட்டை உடைப்பது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னை ஓலையை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் செம்பைத் தொட முடியாதவருக்கு மெழுகைத் தெரியும், ஓலையைத் தெரியும். இதை எழுத அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை. வேலையை வரிசையாகச் சொன்னாலே போதுமாக இருந்தது.

சொல் முந்தியதா, செம்பு முந்தியதா என்று ஒருமுறை டீச்சரிடம் கேட்டேன். யோசிக்காமலே சொல்தான் என்றார். குனித்த புருவத்தையும் பனித்த சடையையும் அப்பர் பாடியது ஏழாம் நூற்றாண்டில். நாம் கொண்டாடும் சோழர் காலத்து ஆடல்வல்லான் செப்புத் திருமேனிகள் அதற்குப் பல தலைமுறைகள் பின்னால் வந்தவை. சடையின் ஈரம் பாட்டில் இருக்கிறது. செம்பில் அதை வார்க்க எந்த ஸ்தபதியாலும் முடியாது. பிரான்சின் சிற்பி ரோடான் இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் திருவாலங்காட்டு நடராசரை நிழற்படங்களில் மட்டும் பார்த்து, 1913-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-இல்தான் அது அச்சானது. ஒரு சிற்பி கையில் களிமண் இல்லாமல் வெறும் சொல்லால் இன்னொரு சிற்பி வார்த்த உடலைத் தடவிப் பார்த்திருக்கிறார். எனக்கு அவரது உரைநடை சில இடங்களில் திகட்டும். ஆனால் பொதுப்படையாகப் புகழ்ந்துவிட்டு நகராமல் உறுப்பு உறுப்பாக நின்று பார்க்கிறார்.

ரிஷபவாகனர் பிரதியில் கையை நீட்டச் சொன்னதற்குப் பிறகு நான்கு விநாடி இடைவெளி விடச் சொல்லியிருந்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைத் தவறு என்று நினைத்து வெட்டி ஒட்டிவிட்டார்கள். கேட்பவர் கையைத் தூக்குவதற்குள் விடை வந்துவிட்டது. மறுபடி சேர்க்க வைத்தோம். பதிலுக்குத் தொடக்கத்தில் 'ஒப்பற்ற' என்ற சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. எந்தச் சிலைக்கும் பொருந்தும் சொல். போகட்டும்.

இப்போது கையில் இருப்பது எழும்பூர் அருங்காட்சியகத்தின் அர்த்தநாரி. அதுவும் திருவெண்காட்டிலிருந்து வந்ததே. சிவனின் வலப்பாதிக்கு இரண்டு கைகள், உமையின் இடப்பாதிக்கு ஒன்று. தலையிலிருந்து தொடங்கி வலப்பக்கம் முழுவதையும் சொல்லிவிட்டு இடப்பக்கம் வரலாம் என்கிறது நிறுவனம். அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு இரண்டு சிலைகள்தான் கிடைக்கும். ஒரு பக்கம் நேராக இறங்கி, மறுபக்கம் வளைந்து புடைக்கும் இடுப்பில் தொடங்கலாம் என்கிறேன் நான். தோளில் தொடங்கச் சொல்கிறார் டீச்சர். மூன்றாவது கையைத் தேடித் தடுமாறும் வேலை கேட்பவருக்கு இருக்க வேண்டுமாம். இன்னும் முடிவாகவில்லை.