கேற் திறக்காத நடைபாதை

வேலைக்காகக் கழற்றி மதிலோடு சாத்தியிருந்த கேற்றை, நடைபாதை முடிந்த மறுநாள் காலை தம்பியும் நானும் தூக்கி மாட்டினோம். தள்ளினால் பாதியில் கரகரவென்று கல்லில் முட்டி நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் வெளியே, நாங்கள் உள்ளே.

மேசனுக்குப் போன் போட்டேன். "அண்ணை, கேற்றிலை கீழை ரெண்டு அங்குலம் வெட்டினாச் சரி" என்றார். முழுக் காசும் முதல்நாளே கொடுத்தாயிற்று. அதுதான் என் முதல் மடத்தனம். ஒரு பங்கையாவது மாரி முடியும்வரை கையில் வைத்திருங்கள்.

எங்களுடையது உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் காணி. மழைக்குச் சேறாகிவிடும், அம்மா வழுக்கிவிடக்கூடாதே என்றுதான் கேற்றில் இருந்து விறாந்தை வரை 35 அடி நீளம், 4 அடி அகலத்தில், ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் இன்ரலொக் கல் போட நினைத்தோம். கல் தெரிவு, விலை பேசுவது எல்லாம் சுகமாகவே நடந்தது. பிழைத்தது தோண்டுவதில். கல்லின் தடிப்பு 60 மில்லிமீற்றர், அதன் கீழே மணல் ஓர் அங்குலம், அதற்கும் கீழே இறுக்கிய கிரவல் (சரளை மண்) 4 அங்குலம். கூட்டினால் ஏழரை அங்குலத்துக்குக் கிட்ட வரும். தோண்டியதோ நாலே அங்குலம். மிச்சம் மேலே எழும்பத்தானே வேண்டும்? கூட்டிப் பார்க்க எனக்கும் அப்போது தோன்றவில்லை.

கேற்றை வெட்டிச் சமாளித்தோம். ஐப்பசியில் முதல் பெருமழை வந்தபோதுதான் மற்றது தெரிந்தது. பாதை வீட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. வெள்ளம் கல்லின் மேலால் ஓடிவந்து விறாந்தைக்குள் ஏற, அம்மா கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "மண் முத்தமாய் இருக்கேக்கை ஒருநாளும் வெள்ளம் உள்ளை வரேல்லை" என்றா. மறுத்துப் பேச வழியில்லை. செம்மண் மழையைக் குடித்துவிடும். அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் தண்ணீர் இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேரும். இறுக்கின கிரவல் அப்படிக் குடிக்காது. முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டுவிடுவோம் என்று தம்பி சொன்னதைக் கேட்காமல் விட்டது ஒன்றுதான் நான் செய்த புத்தியான காரியம்.

தை பிறந்த பிறகு வேறொரு மேசன் ஐயாவைப் பிடித்தோம். அவர் வந்ததும் மண்வெட்டியைத் தொடவில்லை. நிறமில்லாத நீண்ட ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, விரலால் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றினார். "குமிழி நிண்டால் மட்டம் பொய் சொல்லும், தம்பி." ஒரு நுனியைக் கேற் தூணிலும் மற்ற நுனியை விறாந்தைத் தூணிலும் பிடித்து, இரண்டிலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் கரியால் கோடு போட்டார். பிறகுதான் கல்லைக் கிளப்பினார்கள். கேற்றுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி, படிக்குக் கீழே எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்றபடி ஆழமாகத் தோண்டினார். பாதையின் அகலத்தில் பூப்பாத்திப் பக்கமாக ஓர் அங்குலச் சரிவு. இரண்டு ஓரங்களிலும் சீமெந்துக் கட்டு. முதல் தடவை அதுவும் இல்லாமல்தான் ஓரக் கற்கள் விலகத் தொடங்கியிருந்தன.

கிளப்பும்போது உடைந்தவற்றால் 30 கல் போதாமல் போயிற்று. அதே கடைக்குப் போனேன், அதே சிவப்புத்தான் என்று சத்தியம் பண்ணித் தந்தார்கள். வீட்டில் இறக்கிப் பார்த்தால் செங்கல் நிறம். முதலிலேயே நூற்றுக்கு ஐந்து கூடுதலாக எடுத்திருக்கலாம்.

பாத்தியில் செவ்வரத்தை வைத்தோம். கேற் திறந்து கிடந்த ஒரு மத்தியானம் ஒழுங்கை ஆடுகள் மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டன. இப்போது பட்டிப்பூ நிற்கிறது, அதில் ஆடு வாய் வைப்பதில்லை. அந்த 30 கல்லும் குரோட்டன் சட்டிகளுக்கு அடியில். கேற்றின் கீழே வெட்டின இடைவெளியால் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி தினமும் வந்து போகிறது.