லிஃப்ட் செய்த ஜிப்ஸியில் உதறல்: பாலன்சிங் கடைக்குப் போகும் முன் கோணத்தை அளந்து பாருங்கள்

மாருதி ஜிப்ஸி ஜீப்பை லிஃப்ட் செய்து உயர்த்திய கையோடு 60, 70 கி.மீ. வேகத்தில் வண்டியின் தரை முழுக்க உதற ஆரம்பித்தால், யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ‘ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி பாலன்சிங் போடுங்க’ என்பதுதான். போட்ட பிறகும் அதே உதறல் அப்படியே இருக்கும். ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாய்தான் இந்த ஷாஃப்ட். வண்டியை உயர்த்துவதால் அதன் பாலன்ஸ் கெடுவதில்லை. இரு முனையிலும் இருக்கும் கிராஸ்கள் (மடங்கியபடியே சுழலும் மூட்டுகள்) மடங்கி நிற்கிற கோணம்தான் மாறுகிறது. அதை அளக்காமல் செலவு செய்வது வீண் என்பதே என் உறுதியான கருத்து.

அதற்கும் முன்னால் ஒரு வேலை: வண்டியைக் கழுவுங்கள். ரிம்மின் உள்பக்கமும் ஷாஃப்டின் மேலும் காய்ந்து ஒட்டியிருக்கும் சேறு மட்டுமே நல்ல உதறலைக் கொடுக்கும். சைலன்சர் குழாய் சேஸிஸில் உரசுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பாடி லிஃப்ட் (சேஸிஸை விட்டு மேல்கூட்டை மட்டும் உயர்த்துவது) மட்டும் போட்ட வண்டியில் ஷாஃப்ட் கோணம் மாறவே மாறாது. அங்கே ஏதோ ஒன்று எதன் மீதோ இடிக்கிறதா என்றுதான் தேட வேண்டும்.

அடுத்து, எது சுற்றும்போது உதறுகிறது என்று பிரிக்க வேண்டும். 235/75 R15 டயரின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 9.6 தடவை சுற்றும். ஆக்ஸிலுக்குள் ஷாஃப்டின் வேகத்தைக் குறைக்கும் கிரௌன்-பினியன் பல்சக்கரங்களின் விகிதத்தை எளிமைக்கு 4 என்று வைத்தால் பின் ஷாஃப்ட் நொடிக்கு 38.6 தடவை, அதாவது நிமிடத்துக்குச் சுமார் 2,300 சுற்று. ஆக, 10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 அதிர்வு) அளவில் ஸ்டீயரிங்கும் சீட்டும் ஆடினால் டயர், ரிம், ஹப் பக்கம் பாருங்கள். 38-40 என்றால் ஷாஃப்ட் வளைவு அல்லது பாலன்ஸ். 77 என்றால் கிராஸ் கோணம், ஏனென்றால் மடங்கிய கிராஸ் ஒரு சுற்றில் இரண்டு முறை வேகம் கூடி இரண்டு முறை குறையும். ஃபோனில் இருக்கும் அதிர்வு அளக்கும் ஆப்பைத் தரையில் ஒட்டி வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது நொடிக்கு 100 தடவை மட்டும் அளந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைச் சரியாகக் காட்டாது. கோண உதறல் பெரும்பாலும் கையைவிடக் காதுக்குத்தான் முதலில் தெரியும். கேபினுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரு அழுத்தமான முழக்கம்.

அதே வேகத்தில் 4-ம் கியரிலும் 5-ம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாற்றியதும் உதறல் மாறினால் எஞ்சின், மவுண்ட், கிளட்ச் பக்கம். மாறாமல் நின்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால். ஜிப்ஸியில் இதோடு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) தனியாக நிற்கிறது. கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டி ஷாஃப்ட் போகிறது. சாதாரணச் சாலை ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் சுமார் 1.4 மடங்கு வேகத்தைக் குறைப்பதால், பின் ஷாஃப்ட் 2,300-ல் சுற்றும்போது குட்டி ஷாஃப்ட் 3,200-ல் சுற்றும். எந்தக் கியரில் போனாலும் அது சாலை வேகத்தோடுதான் ஓடும். கியர் மாற்றும் சோதனையில் அது சிக்காது.

அதைப் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் போட்டு, கியர்பாக்ஸை 4-ம் கியரில் வைத்து கிளட்சை விடுங்கள். 4-ம் கியர் நேரடி விகிதம், அதனால் எஞ்சின் சுற்றும் குட்டி ஷாஃப்டின் சுற்றும் ஒன்றே. முன், பின் ஷாஃப்ட் இரண்டும் அசையாமல் நிற்கும். மெதுவாக 3,200 வரை ஏற்றுங்கள். பிறகு கியர்பாக்ஸையும் நியூட்ரலில் வைத்து அதே சுற்றுக்குக் கொண்டுபோங்கள். முதல் தடவை மட்டும் உதறினால் ஆள் அகப்பட்டுவிட்டான்: குட்டி ஷாஃப்டின் கிராஸ், அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியர் வண்டியைப் பிடிக்காது என்பதால் கட்டையை மறந்துவிடாதீர்கள்.

முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு 2 வீலில் ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வெட்டு. ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் கழற்றவே வேண்டாம், ஹப்பைத் திறந்துவிட்டாலே போதும். பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. எந்த ஷாஃப்டைக் கழற்றும் முன்னும் ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் தட்டு), யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை), ஸ்லிப் ஸ்ப்ளைன் (நீண்டு சுருங்கும் பல் இணைப்பு) எல்லாவற்றிலும் பெயிண்டால் கோடு போடுங்கள். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் நிற்காது. கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் உதறல் போகாது.

இப்போது கோணம். வண்டி சொந்த சக்கரங்களில், வழக்கமான சுமையோடு, சமதளத்தில் நிற்க வேண்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கினால் ஆக்ஸில் தொங்கிவிடும், அளவு பொய்யாகும். காந்தம் வைத்த டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் போதும். மூன்று இடம்: டிரான்ஸ்ஃபர் அவுட்புட் ஃபிளேஞ்ச், ஷாஃப்ட் குழாய், ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் பினியன் ஃபிளேஞ்ச். ஃபிளேஞ்ச் முகத்தில் வரும் அளவு அச்சுக்குச் செங்குத்து என்பதை நினைவில் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். துருவையும் பெயிண்டையும் சுரண்டிவிட்டு கேஜை வையுங்கள். அரை டிகிரி பிழைகூட இங்கே பெரிது.

எடுத்துக்காட்டாக, பின்னோக்கிச் சரிவு டிரான்ஸ்ஃபர் அவுட்புட்டில் 3 டிகிரி, ஷாஃப்டில் 14 டிகிரி. முன் கிராஸ் 14 − 3 = 11 டிகிரி மடங்கியிருக்கிறது. பினியனும் 3 டிகிரியில் இருந்தால் பின் கிராஸும் 11. ஒன்று செய்த ஏற்றத்தாழ்வை மற்றொன்று அழித்துவிடும். ஆனால் ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி வெல்ட் செய்யும்போது பலர் ‘பினியன் ஷாஃப்டைப் பார்க்கணும்’ என்று அதை 12 டிகிரிக்குத் தூக்கிவிடுகிறார்கள். பின் கிராஸ் 2, முன் கிராஸ் 11. மிச்சம் 9 என்று நினைக்கக் கூடாது. கணக்கு வர்க்கத்தில் போகிறது: 121-லிருந்து 4 போக 117, அதன் வர்க்கமூலம் 10.8. ஒரே ஒரு கிராஸை 10.8 டிகிரி மடக்கி ஓட்டுவதற்குச் சமம். பினியனைத் தூக்கியதால் ஒன்றும் கிடைக்கவில்லை.

‘பினியன் ஷாஃப்டைப் பார்க்கணும்’ என்ற அறிவுரை பொய்யும் அல்ல. டிரான்ஸ்ஃபர் முனையில் இரட்டைக் கிராஸ் (அடுத்தடுத்து இரண்டு கிராஸ்) கொண்ட ஷாஃப்டுக்கு அது சரியான விதி. அமெரிக்க ஜீப்காரர்கள் சொல்வது அந்த ஷாஃப்டை வைத்துத்தான். ஓட்டும்போது ஸ்பிரிங் பட்டை முறுக்கிப் பினியன் மேலே ஏறும் என்பதால் அதையும் 1-2 டிகிரி கீழே விட்டு வைப்பார்கள். இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் என்றால் இணையாக வைப்பதே வழி. இரு கோணங்களின் வித்தியாசம் 1 டிகிரிக்குள் நிற்கட்டும்.

இணையாக வைத்தால் மட்டும் தீர்ந்ததா என்றால், இல்லை. இரு முனையும் ஈடுகட்டினாலும் நடுவில் உள்ள குழாய் கூடிக் குறைந்துதான் சுற்றும். ஷாஃப்ட் தயாரிப்பாளரான ஸ்பைசரின் அட்டவணைப்படி கிராஸ் கோணத்தின் உச்ச வரம்பு 2,500 சுற்றில் 7 டிகிரி, 3,000-ல் 5 டிகிரி 50 நிமிடம். நம் 11 டிகிரி அதைத் தாண்டிவிட்டது. 100 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் 2,900-ஐத் தொடும். குட்டையான ஷாஃப்டுக்கு அடி இன்னும் பலம்: 700 மி.மீ. ஷாஃப்டில் 75 மி.மீ. லிஃப்ட் 6 டிகிரிக்கு மேல் கூட்டும், 1,000 மி.மீ. ஷாஃப்டில் 4 சொச்சம்தான்.

டிரான்ஸ்ஃபர் கேஸைக் கீழே இறக்கலாமே என்று தோன்றும். மற்ற ஜீப்களில் அது ஓரளவு உதவும். ஜிப்ஸியில் 25 மி.மீ. இறக்கினால், 300 மி.மீ. நீளக் குட்டி ஷாஃப்ட் ஒன்றில் கிட்டத்தட்ட 5 டிகிரி கூடும், அதுவும் எல்லாவற்றையும்விட வேகமாகச் சுற்றும் ஷாஃப்டில். நான் பரிந்துரைக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி என்றால் இரட்டைக் கிராஸ் ஷாஃப்ட் செய்துகொள்ளுங்கள், அல்லது லிஃப்டைக் குறையுங்கள். முன் ஆக்ஸிலில் பினியனைத் தூக்கினால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. அங்கே காஸ்டருக்கே முதலிடம்.

கோணம் சரியாக இருந்தும் உதறினால்தான் ஷாஃப்டைச் சந்தேகிக்க வேண்டும். கிராஸின் முனைகளை மூடும் கப் ஓரத்தில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. ஒரு முனையைக் கழற்றி கிராஸைக் கையால் மடக்குங்கள். வழுக்கிப் போகாமல் ஒரு இடத்தில் ‘டக்’ என்று நின்றால் தடம் விழுந்துவிட்டது, கிரீஸ் அடித்துப் பயனில்லை. புதுக் கிராஸில் கப்பைப் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் காடியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, கப் யோக்கின் விளிம்பில் ஏறி நிற்கிறதா என்று பாருங்கள், அரை மி.மீ. தள்ளி நின்றாலும் ஷாஃப்ட் மையம் மாறிச் சுற்றும். லிஃப்டால் ஸ்ப்ளைன் வெளியே இழுபட்டு ஆட்டம் காட்டுகிறதா என்பதும் முக்கியம். லேத்தில் நீளம் கூட்டி வெல்ட் செய்த ஷாஃப்ட் என்றால் டயல் கேஜ் வைத்துச் சுற்றுங்கள். குழாய் நடுவில் 0.5 மி.மீ.க்கு மேல் ஓடினால் நேராக்கிய பிறகே பாலன்சிங்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் 10-20 கி.மீ. வேகத்தில் குதிப்பது வேறு நோய். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே போனதும் பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. பினியன் முறுக்கி ஏறி, திரும்ப விழும். கிளட்ச் முழுவதும் விட்ட பிறகும் குதித்தால் கிளட்ச் மேல் குற்றமில்லை. ஆக்ஸில் முறுக்காமல் பிடிக்கும் டிராக்‌ஷன் பார்தான் மருந்து.

பினியனைத் திருத்த ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) போடுவதென்றால் எஃகு ஷிம் போடுங்கள். அலுமினியம் நசுங்கிப் பிளக்கும். நாலைந்து டிகிரிக்கு மேல் தேவைப்பட்டால் பெர்ச்சை (ஆக்ஸிலில் ஸ்பிரிங் அமரும் மேடை) வெட்டி மறுபடி வெல்ட் செய்வதே ஒழுங்கு, அதுவும் முதலில் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) மட்டும் வைத்து, வண்டியை இறக்கி, அளந்த பிறகு. யூ போல்ட்டுகளை 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். புதுப் பட்டை அதற்குள் கொஞ்சம் அமர்ந்திருக்கும், கோணத்தையும் அப்போதே திரும்ப எடுத்துவிடுங்கள்.